பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கோளாறா?

கெடா மாநிலத் தோட்டங்களில் நம் பாட்டிமார் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கினர். இன்று சுங்கைப் பட்டாணி, கூலிம் நகரங்களில் சில வீடுகளில் அவ்வேலையை இயந்திரம் செய்கிறது. அமெரிக்கப் பெண்மணி ஜோசஃபின் காக்ரேன் 1886ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நாருக்குப் பதிலாக, பீய்ச்சியடிக்கும் தண்ணீரே அழுக்கை நீக்குகிறது. ஆகவே, கோளாறு ஏற்பட்டால் முதலில் தண்ணீர் செல்லும் வழியை ஆராய வேண்டும்.

இயந்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கியுள்ளதா? சுவிட்சை அடைத்து, மின்செருகியைக் கழற்றிய பிறகே கைவைக்க வேண்டும். பிறகு அடித்தட்டிலுள்ள வடிகட்டியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் மீன் முள்ளும் அதில் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும். அப்படியும் வடியாவிட்டால், கழிவுநீர்க் குழாய் மடங்கியிருக்கலாம்.

தட்டில் அழுக்கு எஞ்சியிருந்தால், தண்ணீர் பீய்ச்சும் சுழல்கையின் துளைகளைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்யலாம். உயரமான குண்டான் அதன் சுழற்சியைத் தடுப்பதும் உண்டு.

நுரை பொங்கி வழிந்தால் இயந்திரத்தைக் குறைகூற முடியாது. கையால் கழுவும் சவர்க்காரத்தை யாரோ ஊற்றியிருப்பார்! பிளாஸ்டிக் டப்பாவில் தங்கிய மஞ்சள் கறையோ கோளாறே அன்று. வெயிலில் வைத்தால் அது மங்கிவிடும்.

ஆனால், கருகிய வாடை வீசினாலோ தொடும்போது மின்சாரம் தாக்கினாலோ இயந்திரத்தை நாமே திறக்கக்கூடாது. மின்விசையை அடைத்துவிட்டு, தகுதிபெற்ற தொழில்நுட்பரை அழைக்க வேண்டும்.