பாம்புக்கு ஏது பாலிசி?

நாய்க்கும் யானைக்கும் கிடைக்கும் இன்சூரன்ஸ், ஆசையாக வளர்க்கும் ஊர்வனவற்றுக்குக் கிடைப்பதில்லை. தடையாக நிற்பது பயம் அல்ல, காகிதம்.

திருவனந்தபுரத்தில் ஒரு பசுவை இன்சூர் செய்வது பெரிய காரியமில்லை. யானைக்கும் பாலிசி உண்டு. கேரளத்தின் வளர்ப்பு யானை விதிகள் அதை வலியுறுத்தவே செய்கின்றன. பட்டுப்புழுவையும் தேனீயையும்கூடப் பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒதுக்கிவிடவில்லை. 2020-க்குப் பிறகு தனியார் கம்பெனிகள் நாய்க்கும் பூனைக்கும் தனிப் பாலிசிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஆனால், வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் நான்கு ஆப்பிரிக்க மலைப்பாம்புகளும் இரண்டு இக்வானாக்களும் வைத்திருப்பவர் அதே அலுவலகத்துக்குப் போனால், ஏஜண்டிடம் எடுத்து நீட்டுவதற்குப் படிவம்கூட இருக்காது.

பாம்புகளை ஒதுக்கிவைத்துப் பழகிய ஊர் அல்ல இது. பழைய கேரள வீடுகளின் தோட்டத்து மூலையில் சர்ப்பக்காவுக்கு இடம் விடுவது வழக்கம். நகரின் நடுவே, 1857-ல் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் உருவான மிருகக்காட்சிசாலையில் பாம்புக் கூடத்துக்கு எப்போதும் கூட்டம் உண்டு. 2014-ல் இலங்கையின் தெஹிவளையிலிருந்து ஏழு அனகோண்டாக்கள் அங்கே வந்து சேர்ந்தபோது, நகரமே திரண்டு பார்த்தது. அந்த ஈர்ப்பு இப்போது வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. இன்சூரன்ஸ் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது.

இதற்குக் காரணம் புரிய, பசுவைப் பார்த்தால் போதும். இன்சூர் செய்யும் பசுவுக்குக் கால்நடை மருத்துவர் வயதும் விலையும் குறித்துச் சான்று தருகிறார். காதில் எண் பொறித்த வில்லை மாட்டப்படுகிறது. மாடு இறந்தால் அந்த வில்லையைக் காட்ட வேண்டும். வில்லை இல்லையேல் கிளெய்ம் இல்லை. பாம்புக்கு ஏது காது? ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு மலைப்பாம்புகளில் செத்தது எது என்பதைக் கம்பெனியின் சர்வேயர் எப்படிச் சொல்வார்? பாம்பின் கால் பாம்பறியும் என்று எழுதிக் கோப்பை மூட முடியாது. தோலுக்கடியில் செலுத்தும் மைக்ரோசிப் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் விலைக்கும் வயதுக்கும் சான்று தரக்கூடிய, ஊர்வன மருத்துவம் அறிந்த டாக்டர்கள் சிலரே.

அடுத்த சிக்கல், தொகுப்பாக வளர்ப்பதிலேயே இருக்கிறது. ஒரே அறை, ஒரே இரை, ஒரே தண்ணீர் என்று வாழும் பிராணிகளில் ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றவற்றுக்கும் தொற்ற அதிக நேரம் ஆகாது. திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையே இதற்கு உதாரணம். 2019-ல் அங்கே அனகோண்டாக்கள் சில அமீபா தொற்றுக்கு அடுத்தடுத்துப் பலியாயின. டாக்டரும் ஆய்வகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இடத்திலேயே இந்த நிலை. வீட்டிலோ வெப்பவிளக்கு ஓரிரவு பழுதானால் போதும், மொத்தத் தொகுப்பும் ஆபத்தில். நூறு வீடுகளில் ஒரு வீடு தீப்பிடிக்கும் என்பதுதான் இன்சூரன்ஸ் போடும் கணக்கு. நூறும் ஒன்றாகப் பற்றினால் பிரீமியம் கட்டுப்படியாகாது.

இத்தனையையும் தாண்டினாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. சட்டப்படி தனக்கு உரிமையுள்ள பொருளைத்தான் ஒருவர் இன்சூர் செய்ய முடியும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ, விதிகளை மீறி வைத்திருக்கும் காட்டுயிரை அரசின் சொத்து என்கிறது. அதிர்ஷ்டம் தரும் என்று பலர் வாங்கி வளர்க்கும் நட்சத்திர ஆமை, உள்ளூர் மலைப்பாம்பு, உடும்பு ஆகிய மூன்றும் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் ரூ. 25,000-க்குக் குறையாது. இவற்றுக்குப் பாலிசி கேட்டு விண்ணப்பிப்பது, வனத்துறைக்கு ஒப்புதல் வாக்குமூலம் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

வெளிநாட்டு இனங்கள் வெகுகாலம் இந்தச் சட்டத்தின் கண்ணில் படாமல் இருந்தன. 2020-ல் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க வாய்ப்பளித்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளம் மூலம் பதிவு செய்தாக வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். ஆப்பிரிக்க மலைப்பாம்பும் பச்சை இக்வானாவும் இந்தப் பட்டியலில் உண்டு. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் திருச்சி விமான நிலையத்தில் சிக்கின. சந்தைக்குச் சரக்கு எந்த வழியாகவெல்லாம் வருகிறது என்பதற்கு அதுவே சான்று. ரசீது இல்லாத பாம்புக்கு விலை சொல்ல முடியாது. விலை இல்லாததற்கு இழப்பீடும் இல்லை.

பிரிட்டன் இதையே தலைகீழாகச் செய்கிறது. அங்கே 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி விஷப்பாம்பு போன்ற ஆபத்தான பிராணிகளை வளர்க்க உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். பிறருக்கு நேரக்கூடிய சேதத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்திருப்பது அதற்கு நிபந்தனை. பாம்பு செத்தால் என்ன கிடைக்கும் என்பதைவிட, பாம்பு வெளியேறினால் அடுத்த வீட்டுக்காரருக்கு யார் பொறுப்பு என்பதே அந்தச் சட்டத்தின் கேள்வி. அமெரிக்காவில் ஊர்வனவற்றுக்கான மருத்துவச் செலவுப் பாலிசி கிடைக்கிறது. ஆனால் விஷப்பாம்புக்கு அதில் இடமில்லை.

கேரளத்தில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டளவில் இல்லை. 2021 ஜூலை 1 அன்று திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஊழியர் ஒருவர் ராஜநாகம் கடித்து இறந்தார். 2022 ஜனவரி 31 அன்று இந்நகரைச் சேர்ந்த பிரபல பாம்பு பிடிப்பவர் வாவா சுரேஷ், கோட்டயம் அருகே நாகம் ஒன்றைச் சாக்கில் போடும்போது கடிபட்டு, ஒரு வார சிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்தார். பாம்புகளைக் கையாளுவோருக்கு 2020 முதல் வனத்துறை பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. 'சர்பா' என்ற செயலி வழியாக மக்கள் அவர்களை அழைக்கலாம்.

எனவே ஊர்வன வளர்ப்போர் செய்யக்கூடியது மூன்று. முதலில் பதிவு, ரசீது, மைக்ரோசிப், மருத்துவர் குறிப்பு, புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்ப்பது. பிறகு, ஏஜண்டைத் தாண்டிக் கம்பெனியின் மண்டல அலுவலகத்துக்கு எழுதி, தனி ஏற்பாடாகப் பாலிசி தர முடியுமா என்று கேட்பது. கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை; கோப்பு இல்லாமல் கேட்கவே முடியாது. மூன்றாவது, தங்களை இன்சூர் செய்துகொள்வது. மத்திய அரசின் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையிலான வங்கிக் கணக்குதாரர் ஆண்டுக்கு ரூ. 20 கட்டினால், விபத்து மரணத்துக்கு ரூ. 2 லட்சம். பாம்புக்கடி என்றால் உடனடி மருத்துவமனைப் பதிவு அவசியம் என்கின்றன அதன் விதிகள். தனியார் விபத்துப் பாலிசியானால், வீட்டில் என்ன வளர்க்கிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்தால், நிராகரிக்கக் கம்பெனிக்கு அதுவே காரணமாகிவிடும்.

மிருகக்காட்சிசாலை ஊழியரின் குடும்பத்துக்கு உதவ அமைச்சரவை கூடி முடிவெடுத்தது. வீட்டில் ஆசைக்கு வளர்ப்பவரின் குடும்பத்துக்காக எந்த அமைச்சரவையும் கூடப் போவதில்லை.