விசா மேசையில் நோய்ப் பயம்



பயணம் நமது குடும்பங்களின் வாழ்வோடு பின்னிக் கிடப்பது. வளைகுடாவில் தந்தை, மலேசியாவில் மூத்த மகன், ஹஜ்ஜுக்குப் பெயர் பதிந்து காத்திருக்கும் பாட்டனார் என நமது வீட்டு அலமாரிகளில் கடவுச் சீட்டுகள் காத்துக் கிடக்கின்றன. அவற்றிற்கு விசா வழங்கும் அதிகாரியை நாம் நேரில் காண்பது அரிது. ஆயினும் உலகின் ஏதோ ஒரு மூலையில் கொள்ளை நோய் தோன்றிவிட்டால், முகம் தெரியாத அந்த அதிகாரியின் பேனா பல்லாயிரம் குடும்பங்களின் திட்டங்களை மாற்றி எழுதிவிடுகிறது. அவ்வேளையில் அவர் எதைப் பார்க்கிறார்? எதைப் பார்க்க வேண்டும்? சற்றே சிந்திப்போம்.

எபோலா கற்பித்த பாடம்

2014-ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் எபோலா என்னும் கொடிய நோய் பரவியது. 2016-இல் அது அடங்குவதற்குள் 28,600-க்கும் அதிகமானோரைப் பீடித்து, 11,300-க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. அதைச் சர்வதேச நெருக்கடி நிலையாக உலக சுகாதார நிறுவனம் 8-8-2014 அன்று அறிவித்தது. பொதுவான பயணத் தடை வேண்டியதில்லை என்றும், நோய் பரவிய நாடுகளிலிருந்து புறப்படுவோரை அங்கேயே பரிசோதித்து அனுப்பினால் போதும் என்றும் அதே அறிவிப்பில் ஆலோசனை கூறியது.

எனினும், அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஆஸ்திரேலியா அந்நாட்டினரின் விசா விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது. தற்காலிக விசா பெற்றும் இன்னும் புறப்படாதிருந்தோரின் விசாக்களை ரத்து செய்தது. நிரந்தர விசா பெற்றவர்கள் புறப்படுமுன் 21 நாட்கள் தனித்திருக்க வேண்டும் என்றது. அக்டோபர் 31 அன்று கனடாவும் கதவை அடைத்தது. முந்தைய மூன்று மாதங்களுக்குள் அந்நாடுகளில் இருந்த வெளிநாட்டினரின் விண்ணப்பங்கள் அங்கு பரிசீலிக்கப்படவில்லை. கனடாவின் சொந்தக் குடிமக்களுக்கு இத்தடை பொருந்தவில்லை.

இங்கே ஒரு கணக்கை ஊன்றிக் கவனியுங்கள். எபோலா கிருமி உடலில் புகுந்தபின் நோயாக வெளிப்பட அதிகபட்சம் 21 நாட்கள் ஆகும். அப்படியிருக்க மூன்று மாதம் எதற்கு? மேலும், அந்நாடுகளில் சேவை செய்துவிட்டுத் திரும்பும் கனடிய மருத்துவருக்குத் திறந்த கதவு, அவருக்குத் துணை நின்ற சியரா லியோன் தாதிக்கு மூடப்படுவது ஏன்? கிருமிக்குக் கடவுச் சீட்டின் நிறம் தெரியாதே! பரிந்துரைக்கு மேற்பட்ட தடைகளை விதிக்கும் நாடு அதற்குரிய அறிவியல் காரணத்தைக் கூற வேண்டும் என்பது சர்வதேச சுகாதார விதி. அதன்படியே உலக சுகாதார நிறுவனம் கனடாவிடம் விளக்கம் கோரியது.

அதிகாரியின் கையில் உள்ளவை

விசா அதிகாரி மருத்துவர் அல்லர். இன்று விசா பெறுபவர் பல வாரங்கள் கழித்தும் புறப்படலாம். ஆகவே விண்ணப்பம் தருகின்ற நாளின் உடல்நலம், பயண நாளுக்கு உத்தரவாதமாகாது. அதிகாரிக்குத் துணையாக இருப்பவை இரண்டு: ஒன்று தடுப்பூசிச் சான்றிதழ், மற்றொன்று விண்ணப்பதாரர் எங்கெங்கே இருந்தார் என்ற விவரம்.

தடுப்பூசி உள்ள நோயில் வழி எளிது. 1987-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவியது. அதன்பின் சவூதி அரசாங்கம் யாத்ரிகர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000-ஆம் ஆண்டு வேறு வகைக் கிருமியால் மீண்டும் அந்நோய் பரவவே, நான்கு வகைக் கிருமிகளையும் தடுக்கும் ஊசி அவசியமாயிற்று. ஊசி போட்டுக் கொண்டவர் எந்த நாட்டினராயினும் அவருக்கு வழி உண்டு.

எபோலாவிற்கு 2014-இல் அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி எதுவும் இல்லை. சான்றிதழ் இல்லாத இடத்தில் முகவரியே நோயாகக் கருதப்பட்டது. துன்பம் தொடங்கியது இங்கேதான்.

அரசாங்கங்களின் அச்சம் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. 2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்குச் சென்ற ஒருவருக்குப் புறப்படும்போது காய்ச்சல் இல்லை. சென்று சேர்ந்த சில நாட்களில்தான் நோய் வெளிப்பட்டது. விமான நிலையப் பரிசோதனையும் முழுமையான காவலன் அன்று.

ஹஜ்ஜும் தடையும்

சவூதி அரேபியாவும் 2014-இல் இம்மூன்று நாட்டவர்க்கும் ஹஜ், உம்ரா விசாக்களை வழங்கவில்லை. கினியிலும் சியரா லியோனிலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். வாழ்நாள் முழுதும் சேமித்துக் காத்திருந்த முதியவரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! எனினும் பல லட்சம் பேர் ஒரே திடலில் கூடும் அரஃபாவை வியாபாரப் பயணத்தோடு ஒப்பிட இயலாது. அதே ஆண்டில் சிலரைப் பீடித்து நோய் கட்டுக்குள் வந்த நைஜீரியாவின் யாத்ரிகர்கள் பரிசோதனைகளுடன் அனுமதிக்கப்பட்டதையும் நினைவிற் கொள்க. நோயின் அளவுக்கேற்பத் தடையின் அளவும் அமைந்தது.

கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருப்போர் வெளியேறவும் வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஷாம் தேசம் நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பிய வரலாற்றை நாம் அறிவோம். நோயூரிலேயே தங்கிவிட்ட அபூ உபைதா (ரலி) அவர்கள் அங்கேயே உயிர் துறந்தார்கள். உள்ளே இருப்பவர் பிறருக்காகத் தியாகம் செய்கிறார். அப்படியானால் வெளியே இருப்பவருக்குக் கடமை ஏதுமில்லையா? 2014 அக்டோபரில் சிறிய நாடான கியூபா 165 மருத்துவப் பணியாளர்களைச் சியரா லியோனுக்கு அனுப்பியது. கதவை அடைப்பவர் கையை நீட்டவும் வேண்டும்.

இது தொலைதூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 1994-இல் சூரத் நகரில் பிளேக் தோன்றியபோது, வளைகுடா நாடுகள் சில இந்திய விமானங்களை நிறுத்தி வைத்தன. சூரத்தையே காணாத நம்மவர்களும் அன்று சந்தேகத்திற்கு ஆளானார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

சென்று வந்த நாடுகளை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். கடவுச் சீட்டின் முத்திரைகளே உண்மையைச் சொல்லிவிடும். பொய் வெளிப்பட்டால் பின்வரும் விண்ணப்பங்களும் பாழாகும். தடுப்பூசியைக் கடைசி நேரத்திற்குத் தள்ளிப் போடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியின் சான்றிதழ் போட்ட பத்தாவது நாளிலிருந்தே செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுதும் செல்லுபடியாகிறது. ஊசி போடாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பிறர் உயிரோடு விளையாடும் பாவமுமாகும். விசா மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், தடை நீங்கியதும் மீண்டும் விண்ணப்பியுங்கள். காய்ச்சல் கண்ட நிலையில் பயணத்தை ஒத்திப் போடுங்கள்.

தடை விதிக்கும் அரசாங்கத்திடம் நாம் கேட்பது இவ்வளவே: காரணத்தைச் சொல்லுங்கள், நோயின் காலத்திற்கு மேல் நீட்டாதீர்கள், அனைவரையும் ஒரே அளவுகோலால் அளந்திடுங்கள். அதைக் கேட்கும் தகுதி, தன் விண்ணப்பத்தில் உண்மையை எழுதியவருக்கே உண்டு.