உஷார்! மழைக்கு முன்பே ஓடையில் வெள்ளமா?

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். வயலோரம், ஓடைக்கரை, பள்ளிக்கூட மொட்டைமாடி என்று வயர்லெஸ் மழைமானியும் நீர்மட்டக் கருவியும் வைத்திருக்கிறீர்களா? பெட்டியைத் திறந்து அதிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள். இன்றே!

போன மழைக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஓடை ஒன்றில் வைத்த இரண்டு கருவிகளின் கணக்கை வரைந்து பார்த்தேன். தண்ணீர் ஏறி முடிந்த பிறகுதான் மழையே பெய்திருந்தது. பூமியைத் தூக்கிய பூவராகர் ஊர்தான், அதற்காக இப்படியுமா? காரணம் அற்பம். மழைமானி இந்திய நேரத்தில், நீர்மட்டக் கருவி கிரீன்விச் நேரத்தில் ஓடியிருக்கிறது. நடுவே ஐந்தரை மணி நேரம்!

இது சின்னப் பிசகு இல்லை. வானிலைத் துறைக்கு மழைநாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. மழைமானி கிரீன்விச்சில் ஓடினால், காலை 10 மணிக்குக் கொட்டிய மழை 4.30 என்று பதிவாகும். நாளைய கணக்கில் வரவேண்டியது இன்றைய கணக்கில் ஏறிவிடும்.

நேரத்தைச் சரியாக வைத்தாலும் நிம்மதி இல்லை. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினால் நாளுக்கு 1.7 விநாடி, வருஷத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல். வெயிலில் வேகும் பெட்டிக்குள் இன்னும் மோசம். காசு அளவு பட்டன் பேட்டரி செத்தால் பல கருவிகள் நேராக 2000 ஜனவரி 1-க்கே போய்விடும். நான் திறந்த பெட்டியில் பேட்டரி பச்சை பூத்துக் கிடந்தது, சுற்றிலும் எறும்பு.

  

இன்னொரு கண்ணி: புயலில் டவர் படுத்தால் தகவல் இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேரும். சர்வர் அது வந்த நேரத்தையே மழை பெய்த நேரமாக எழுதிக்கொள்ளும். அளந்த நேரம், வந்த நேரம் இரண்டையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள்.

இத்தனை கவனம் எதற்கு? செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வீராணம் ஏரியில்தான் சேர்கின்றன. ஏரியின் முழுமட்டம் 47.5 அடி. வெள்ளம் எத்தனை மணிக்கு வரும் என்பதை வைத்துத்தான் கரையோரத்து ஜனங்கள் மாட்டை அவிழ்க்க வேண்டும்.

மழைமானிகளையெல்லாம் ஒரே மேஜையில் வையுங்கள். ஒரே நேரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மொபைலில் மணியைக் குறித்துக்கொண்டு பதிவோடு ஒப்பிடுங்கள். எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பெட்டி மேல் பெயின்ட்டால் எழுதுங்கள். பட்டன் பேட்டரியையும் மறக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடுங்கள்.