கோப்பும் அதன் காவலும்



ஒரு கோப்பைப் படிப்பவர் யார், திருத்துபவர் யார் என்பதை லினக்ஸ் மூன்று எண்களால் வகுத்துள்ளது. முதலாவது உரிமையாளருக்கு, அடுத்தது குழுவினருக்கு, மூன்றாவது ஏனையோருக்கு. படித்தற்கு 4, எழுதுதற்கு 2, இயக்குதற்கு 1. இவற்றின் கூட்டுத்தொகையே அனுமதி. 600 எனின், உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் இயலும்.

விண்டோசின் அனுமதி முறை வேறு. இரண்டிற்கும் பொதுவாய் உதவும் பென் டிரைவோ பெரும்பாலும் ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட் முறையில் அமைந்தது; அதில் இவ்வெண்களைக் குறித்துவைக்க இடமே இல்லை. ஆகவே, மாணவர் புள்ளிகள் அடங்கிய கோப்பொன்றை அதன்வழி லினக்ஸ் கணினிக்குக் கொண்டுவந்தால், எழுத்தொன்றும் குறையாது. காவல் மட்டும் கழன்றுவிடும். அக்கணினியிற் கணக்குள்ள எவரும் படிக்கத்தக்கதாய் அது கிடக்கலாம்.

ஆதலால், 'சிஎச்மொட் 600' என்னும் கட்டளையால் காவலை மீண்டும் அமைத்தல் வேண்டும். பென் டிரைவில் இருக்கும்போது அதனை இடுவதிற் பயனில்லை. கணினியில் இறக்கியபின் இடுக. லினக்சிலிருந்து லினக்சுக்கே கொண்டுசெல்வதாயின், முதலில் 'டார்' பொதியாகக் கட்டுக. அனுமதி எண்கள் பொதியினுள்ளேயே பதிந்து செல்லும்.

கோப்புத் திறக்கவில்லையென்று அவசரத்தில் 777 இடுவோரும் உளர். அஃது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் அளித்தலாகும். வீட்டுத் திறப்பை வாசலிலே தொங்கவிடுதற்கு ஒப்பானது.