கிங்ஸா, வி.அன்பீட்டபிளா? டான்ஸ் பேட்டிலில் ஓட்டு போடுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் கவனிங்க!

ரதசப்தமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கலசப்பாக்கம். திருவண்ணாமலை அண்ணாமலையார் அன்னைக்குத் தீர்த்தவாரிக்காக எங்க ஊர் செய்யாற்றுக்கு வருவார். சாமி பார்த்துட்டு, மணலும் வெயிலுமா வீடு திரும்பினா, திண்ணையில ஒரே சத்தம். ப்ளஸ் டூ படிக்கிற சித்தி பையனும் அவன் ஃப்ரெண்ட்ஸும் ஒரு போனைச் சுத்தி உட்கார்ந்து சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க.

விஷயம் இதுதான். ஒரு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ரெண்டு டான்ஸ் டீமின் வீடியோக்களைப் பக்கத்துல பக்கத்துல போட்டு, 'உங்க ஓட்டு யாருக்கு?' என்று கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கிங்ஸ், இன்னொரு பக்கம் வி.அன்பீட்டபிள். "ஆளைத் தூக்கி எவ்ளோ உயரம் போடுறாங்க பாரு, வி.அன்பீட்டபிள்தான் கெத்து" என்றான் தம்பி. "டேய், பதினாலு பேரும் ஒரே ஆள் மாதிரி ஆடுறாங்க, அது கண்ணுக்குத் தெரியலையா?" என்று எகிறினான் அவன் ஃப்ரெண்டு. கடைசியில் என்னிடம் வந்தார்கள். "அக்கா, நீ பத்திரிகையிலதானே இருக்க, நீயே சொல்லு."

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எதை வைத்து ஒப்பிடுவது என்பதே அங்கே யாருக்கும் தெளிவாக இல்லை, எனக்கும்தான். சென்னை திரும்பியதும் ரெண்டு டீமின் வீடியோக்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தம்பிக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன்.

ரெண்டு பேரும் யாரு?

ரெண்டுமே மும்பைப் பக்கத்து டீம்கள். கிங்ஸ் என்பது சுரேஷ் முகுந்தின் 'கிங்ஸ் யுனைடெட்'. 2015-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த உலக ஹிப் ஹாப் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றவர்கள். அதே வருஷம் வந்த 'ஏபிசிடி 2' படம் இவர்கள் கதையை வைத்து எடுத்ததுதான். பிரபுதேவா நடித்த படம் என்பதால் நம்ம ஊர்ப் பசங்களுக்கும் நல்லாத் தெரியும். 2019 மே மாதம், அமெரிக்காவின் என்பிசி சேனலில் 'வேர்ல்டு ஆஃப் டான்ஸ்' மூன்றாவது சீசனை வென்றார்கள். பரிசு 10 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 7 கோடி ரூபாய்.

வி.அன்பீட்டபிள், மும்பையின் குடிசைப் பகுதிகளிலிருந்து வந்த கிட்டத்தட்ட முப்பது இளைஞர்களின் கூட்டம். 2019-ல் 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்' மேடையில் நாலாவது இடம். அந்த சீசனில்தான் 'பேட்ட' படத்தின் 'மரண மாஸ்' பாட்டுக்கு ஆடி நம்மை விசில் அடிக்க வைத்தார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில், அதே நிகழ்ச்சியின் 'சாம்பியன்ஸ்' சீசனில் கோப்பையைத் தூக்கினார்கள்.

ஜெயிச்சதே வேற வேற கணக்கில்

இங்கேதான் முதல் சிக்கல். வேர்ல்டு ஆஃப் டான்ஸில் மார்க் போட்டது ஜெனிஃபர் லோபஸ், நீ-யோ, டெரெக் ஹஃப் என்ற மூன்று பேர். மூவருமே மேடையில் ஆடிப் பழகியவர்கள். பெர்ஃபாமன்ஸ், டெக்னிக், கோரியோகிராஃபி, கிரியேட்டிவிட்டி, பிரசன்டேஷன் என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 20 மார்க். ஃபைனலில் கிங்ஸ் வாங்கியது 100-க்கு 100.

அமெரிக்காஸ் காட் டேலன்ட் அப்படி இல்லை. அது டான்ஸ் போட்டியே கிடையாது. பாட்டு, மேஜிக், சர்க்கஸ், காமெடி எல்லாம் ஒரே மேடையில் மோதும். கடைசித் தீர்ப்பு மக்கள் ஓட்டு. சாம்பியன்ஸ் சீசனில், அமெரிக்காவின் 50 மாநிலங்களிலிருந்து தேர்ந்தெடுத்த 'சூப்பர் ஃபேன்ஸ்' ஓட்டு போட்டார்கள். அங்கே ஜெயிக்க, டான்ஸ் தெரியாத ஒருத்தரையும் நாற்காலி நுனிக்குக் கொண்டுவரணும். வி.அன்பீட்டபிள் அதைத்தான் செய்தார்கள்.

ஒருவர் கணக்குப் பரீட்சையில் முதல் மார்க். இன்னொருவர் பள்ளி ஆண்டு விழாவில் முதல் பரிசு. ரெண்டு கோப்பையும் பெரிய கோப்பைதான். ஆனால் ரெண்டையும் தராசில் வைத்து 'யார் பெஸ்ட்?' என்று கேட்டால் பதில் கிடைக்காது.

போன் ஸ்கிரீன் யாருக்குச் சாதகம்?

2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடை ஆனது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. அதிலிருந்து டான்ஸ் பேட்டில் என்றாலே நின்ற வாக்கில் இருக்கும் போன் வீடியோ என்று ஆகிவிட்டது. அந்தச் சட்டகத்தில் உயரம் அதிகம், அகலம் கம்மி.

14 பேர் மேடை முழுக்கப் பரவி, மூன்று வரிசையாகப் பிரிந்து, திரும்ப ஒன்றாகச் சேர்கிற அழகு அகலமான ஷாட்டில்தான் தெரியும். அதை ரீல்ஸுக்கு வெட்டும்போது ரெண்டு ஓரமும் போய்விடும். நடுவில் இருக்கும் நாலைந்து பேர்தான் மிச்சம். ஆனால், ஒருத்தரை மேலே தூக்கி வீசும் காட்சி அந்தச் சட்டகத்துக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். போதாததற்கு, முதல் ரெண்டு மூன்று விநாடியில் விரல் நிற்கவில்லையென்றால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவோம். அதனால் கிளிப் எடிட் பண்றவங்க ஆள் பறக்கிற இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பாங்க.

தம்பி ஓட்டு போட்டதில் பாதி வி.அன்பீட்டபிளுக்கு, மீதி அந்தச் சட்டகத்துக்கு.

வைரலுக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் இல்லை என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் உலகமே பார்த்தது. முதல்முறையாக பிரேக்கிங் நடனம் அங்கே போட்டியாக இருந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் ஜப்பானின் அமி. ஆனால் உங்க போனுக்கு வந்து குவிந்த கிளிப் யாருடையது? ஒரு நடுவர் ஓட்டுகூட வாங்காமல் மூன்று மோதலிலும் தோற்ற ஆஸ்திரேலியாவின் 'ரேகன்' உடையதுதானே!

அப்ப எப்படித்தான் ஒப்பிடுறது?

பாரிஸில் நடுவர்கள் செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் தனித்தனியாக மார்க் போடவில்லை. வொகாபுலரி, டெக்னிக், எக்ஸிகியூஷன், ஒரிஜினாலிட்டி, மியூசிகாலிட்டி என ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் 20 சதவிகிதம். ஒவ்வொன்றிலும் 'இவரா, அவரா' என்று ஒரு கோட்டில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தினார்கள். 'மொத்தத்துல யாரு?' என்று கேட்காமல், 'இதுல யாரு, அதுல யாரு?' என்று துண்டு துண்டாகக் கேட்கிற முறை. அதையே டீம் டான்ஸுக்கு மாற்றி, நான் வைத்துக்கொண்ட ஐந்து கேள்விகள் இவை.

1. ஒரே டேக்கா? ரெண்டு விநாடிக்கு ஒரு கட் இருந்தால், எத்தனை முறை தப்பாக ஆடித் திருத்தினார்கள் என்று தெரியாது. அகலமான ஷாட்டில், முழு வீடியோவைத் தேடிப் பாருங்க. போனைப் படுக்க வைத்துப் பாருங்க.

2. பின்வரிசை எப்படி ஆடுது? எங்க பாட்டி ஆரணியில் பட்டுப்புடவை எடுக்கப் போனால், முந்தானையைப் பார்ப்பதற்கு முன்னாடி புடவையைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பாங்க. இழை தொங்குதா, ஜரிகை பிசிறில்லாம இருக்கான்னு அங்கேதான் தெரியும் என்பாங்க. டான்ஸுக்கும் அதுதான். முன்னாடி நிற்பவர் எப்பவும் நல்லாத்தான் ஆடுவார். மூன்றாவது வரிசையில் ஓரத்தில் நிற்பவரின் கை அதே கோணத்தில், அதே நொடியில் நிற்குதா என்று பாருங்க.

3. இடம் மாறுறது தெரியுதா? ஒரு வடிவத்திலிருந்து அடுத்த வடிவத்துக்குப் போகும்போது ஓடிப்போய் நிற்கிறார்களா, ஆடிக்கொண்டே போய்ச் சேர்கிறார்களா? கோரியோகிராஃபரின் உழைப்பு முழுக்க இங்கேதான் ஒளிந்திருக்கும்.

4. பாட்டைக் கேட்டு ஆடுறாங்களா? ஒருமுறை சத்தத்தை மியூட் பண்ணிப் பாருங்க. தாளம் கண்ணுக்குத் தெரிகிறதா? பிறகு சத்தத்தோடு பாருங்க. டிரம்ஸுக்கு மட்டும் அடிக்கிறார்களா, நடுவில் வரும் சின்னச் சின்ன சத்தத்துக்கும் உடம்பு பதில் சொல்லுதா?

5. பறந்த பிறகு என்ன? தூக்கி வீசினவரைப் பார்க்காமல், பிடிக்கிறவரைப் பாருங்க. இறங்கிய அடுத்த நொடியே தாளத்துக்குத் திரும்பினால் அது டான்ஸ். இறங்கி, நின்று, மூச்சு வாங்கினால் அது வித்தை.

இந்த அஞ்சையும் வைத்துப் பார்த்தால் என் கணக்கு இப்படி வந்தது. பின்வரிசையிலும் இடம் மாறுவதிலும் கிங்ஸ் தெளிவாக முன்னே. பறப்பது, பிடிப்பது, அதற்கான நம்பிக்கை என்ற ஐந்தாவதில் வி.அன்பீட்டபிள் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. மும்பையில் கோகுலாஷ்டமி உறியடிக்குக் கட்டுகிற மனிதக் கோபுரம் அவர்கள் டான்ஸில் நினைவுக்கு வரும். பாட்டு விஷயத்தில் ரெண்டு பேரும் சமம். டான்ஸ் டீமாக என் ஓட்டு, மயிரிழை வித்தியாசத்தில் கிங்ஸுக்கு. நீங்க வேற பக்கம் போகலாம், எதனால் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

அந்த 'வி' என்ன சொல்லுது?

பெயரில் இருக்கும் 'வி', விகாஸ் என்ற நண்பனின் முதல் எழுத்து. ஒத்திகையில் நடந்த விபத்தில் உடல் செயலிழந்து, சில வாரங்களில் இறந்துபோனவர். அவர் நினைவாகத்தான் இந்தப் பெயர் என்று அமெரிக்க மேடையிலேயே சொல்லிக் கண் கலங்கினார்கள். 15 விநாடி ரீல்ஸில் ஆள் பறப்பது மட்டும்தான் வரும். இந்தக் கதை வராது. கீழே கை நீட்டி நிற்கும் ஆறேழு பேர் எத்தனை வருஷம் பழகியவர்கள் என்பதும் வராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, திண்ணையில் சண்டை போட்ட பசங்க வெறும் பார்வையாளர்கள் இல்லை. அஞ்சு பேர் சேர்ந்து ஒரு டீம் வெச்சிருக்காங்க. ஆன்லைன் போட்டி ஒன்றுக்கு வீடியோ அனுப்ப, செய்யாற்று மணலில் பிராக்டிஸ். மணல்தானே, விழுந்தா அடிபடாதுன்னு நினைச்சிருக்காங்க. அவர்களில் ஒருத்தன் அன்னைக்கே மணிக்கட்டில் மாவுக்கட்டோடதான் உட்கார்ந்திருந்தான். கேட்டா, "லைக் வரணும்னா தூக்கிப் போட்டாதான்கா வரும்" என்கிறான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. நாம பறக்கிற கிளிப்புக்கு மட்டும் ஓட்டு போட்டால், பசங்க பறக்கத்தான் பார்ப்பாங்க. தூக்கி வீசுவதும் தலைகீழ் குட்டிக்கரணமும் வீடியோ பார்த்துக் கத்துக்கிற விஷயமே இல்லை. சரியான மெத்தை வேணும், பிடிக்கத் தெரிந்தவர்கள் வேணும், ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்த கோச் பக்கத்தில் நிற்கணும். இந்த மூன்றும் இல்லாதவரை, தரையில் கால் வைத்தே செய்யக்கூடிய நாலு கேள்வி மேலே இருக்கு. அஞ்சு பேர் டீமுக்கு அதுவே ஒரு வருஷ வேலை.

இதையெல்லாம் தம்பிக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப தூக்கிப் போடுறதை எடுத்துட்டு, ஃபார்மேஷன் மட்டும் வெச்சு ஒரே டேக்ல அனுப்புறோம். லைக் கம்மியாதான் வரும்ல?"

"வரும்" என்றேன்.

"சரி விடு. எங்க டீம்ல கடைசியா ஓரத்துல நிக்கிறவன் நான்தான். நீ சொல்ற மாதிரி பார்த்தா, நாலு பேராவது என்னைப் பார்ப்பாங்க."