கசப்பைக் குடித்தோம், கணக்கைக் கேட்போம்!

ராதாபுரம் வட்டாரத் தோழர்களே! 2020-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா என்னும் கொடுநோய் ஊரை அடைத்தது. உழைப்பவன் கையைக் கட்டியது. அவன் வீட்டு அடுப்பை அணைத்தது. தெருமுனையில் எரிந்த அடுப்பு ஒன்றுண்டு. அது கபசுரக் குடிநீர் காய்ந்த அண்டாவின் அடுப்பு! அதற்கு முன்பு 2012-இல் டெங்கு நெல்லைச் சீமையை உலுக்கியபோது நிலவேம்புக் குடிநீர். கொடுத்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தோம்.

குடித்தது பயன் தந்ததா?

"வெறும் கஷாயம்" என்று ஏளனம் பேசுகிறது ஒரு கூட்டம். "சித்தர் சொன்னதைச் சோதிப்பதா?" என்று சீறுகிறது மற்றொரு கூட்டம். இரண்டும் செய்யும் பிழை ஒன்றே. சோதிக்காமலே தீர்ப்புக் கூறுகின்றன!

கபசுரக் குடிநீரில் சேர்வது 15 சரக்கு. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு எல்லாம் அதிலே உண்டு. நிலவேம்பின் கசப்புப் பொருளுக்கு ஆண்ட்ரோகிராபோலைடு என்று பெயர். தாய்லாந்து அறிஞர்கள் மனித நுரையீரல் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்திலே வளர்த்து, கொரோனா வைரசை ஏவி, அந்தப் பொருளை இட்டுப் பார்த்தார்கள். வைரசின் பெருக்கம் தடைப்பட்டது. மகிழ்ச்சி!

ஆனால், கலத்திலே வென்றது களத்திலே வெல்லுமா? சோப்புத் தண்ணீரும்தான் வைரசைக் கொல்லும். அதற்காக அதைக் குடிப்பார் உண்டோ? வயிற்றில் இறங்கும் அந்தக் கசப்பில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் கலக்கிறது. நுரையீரலை எட்டுவது எவ்வளவு? அதுதான் கேள்வி!

வழி இல்லாமலில்லை. பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவைப் பாருங்கள். அதிலிருந்து பிரித்த ஷிகிமிக் அமிலத்தை மூலப்பொருளாக்கி, இன்புளுயன்சா காய்ச்சலுக்கு ஓசல்டாமிவிர் என்ற மருந்தைச் செய்தார்கள். 1999-இல் அமெரிக்கா அனுமதித்தது. அன்னாசிப்பூவை மென்றால் அந்தக் காய்ச்சல் போகாது. ஆராய்ச்சி தொட்ட பிறகே அது மருந்தாயிற்று!

நம் நிலாவாரை மட்டும் என்ன? வறண்ட நெல்லை மண்ணிலே விளைந்து, "திருநெல்வேலி சென்னா" என்று ஊர்ப்பெயரோடு உலக மருந்து நூல்களில் ஏறிற்று. அதிலுள்ள சென்னோசைடை அளந்துதான் மாத்திரையாக்குகிறார்கள். மலச்சிக்கலுக்கு அளவு உண்டு. மார்ச்சளிக்கு அளவு வேண்டாமா?

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆகவே கேட்போம். பொட்டலம் ஒவ்வொன்றிலும் சரக்கின் தரம் அளக்கப்படட்டும். ஒரு பகுதியினருக்குக் குடிநீர், மறு பகுதியினருக்கு அதைப் போலவே கசக்கும் வெறும் நீர். யாருக்கு எது என்பதை மறைத்து, ஆயிரக்கணக்கானோரிடம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வென்றாலும் தோற்றாலும் முடிவை வெளியிடட்டும்!

அதுவரை? குடிக்க விரும்புவோர் மருத்துவரைக் கேட்டுக் குடிக்கலாம். ஆனால் தடுப்பூசி இருக்க வேண்டிய இடத்தில் தம்ளரை வைக்காதீர்கள். மூச்சுத் திணறும்போது மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். பணக்காரனுக்கு ஆக்சிஜன், பாட்டாளிக்கு அண்டாக் கஷாயம் என்ற நீதியை ஒருநாளும் ஏற்காதீர்கள்!

மூலிகை நம்முடையது. அதை ஆராயும் மூளையும் நம்முடையதாகட்டும்!