கயத்தாறில் ஒரு மேஜர், பினாங்கில் ஒரு கவர்னர்

பானர்மேன் என்றால் நம்ம பக்கத்தில் ஜாவர் சீதாராமன் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். 1959இல் வந்த கட்டபொம்மன் படத்தின் வேலை அது. டீயைக் குடியுங்கள் அண்ணாச்சி, நிஜ ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜான் அலெக்சாண்டர் பானர்மேன் பிறந்தது 1759இல். பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து மேஜர் ஆனவர். 1799 மே மாதம் திப்பு விழுந்ததும் கம்பெனிக்குக் கை ஒழிந்தது. அடுத்து பாளையக்காரர்கள் பக்கம் திரும்பியது. செப்டம்பர் 5ஆம் தேதி பானர்மேன் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முன் நின்றார். மண் கோட்டைதானே என்று பெரிய பீரங்கிகள் வருமுன்பே ஏறிப் பார்த்தார். வாங்கிய அடியில் வெள்ளை அதிகாரிகள் சிலர் அங்கேயே மாண்டார்கள். மண் சுவரை லேசாக நினைக்கக் கூடாது; குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும், கல்லைப் போலச் சிதறாது. பாளையங்கோட்டையிலிருந்து கூடுதல் படை வந்த பிறகுதான் கட்டபொம்மன் இரவோடு இரவாக வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக்கொடுத்தார். அக்டோபர் 16, கயத்தாறு. மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் பார்க்கத் தூக்கு. குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் சொன்னார். அதை விசாரணை என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் சீமைக்குப் போய் கம்பெனி இயக்குநர், கொஞ்ச நாள் பாராளுமன்ற உறுப்பினர், 1817இல் பினாங்கு கவர்னர். 1819இல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கொடியேற்றியதும், டச்சுக்காரர்கள் வந்துவிடுவார்களோ என்று அங்கே பொறுப்பில் இருந்த பார்குவார் இவரிடம் படை கேட்டார். பீரங்கிக்குக் காத்திராமல் பாய்ந்த அதே மனிதர் இப்போது மறுத்துவிட்டார். ஊரைக் காலி செய்துவிட்டு வரும்படி யோசனை வேறு! கல்கத்தாவிலிருந்து கண்டனம் வந்த பின்தான் ஆள் அனுப்பினார். அந்த ஆகஸ்டில் பினாங்கிலேயே இறந்தார்.

ஆனால் ஒன்றுக்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். தூக்குக்கு மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், கட்டபொம்மன் அஞ்சாமல், அலட்சியமாக நின்றதையும், எட்டயபுரம் பாளையக்காரரை வெறுப்போடு பார்த்ததையும், கோட்டையைக் காத்தே செத்திருக்கலாமே என்று கடைசியில் வருந்தியதையும் மறைக்காமல் எழுதிவிட்டார். நாட்டுப்பாடல்காரர் சொன்னால் மிகை என்பார்கள். தூக்கிலிட்டவரே சொன்னால் யார் மறுப்பது? கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் அந்த அறிக்கையின் வாசகம் கிடைக்கும். கயத்தாறு சிலையைப் பார்க்கப் போகும்முன் அதை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள், அண்ணாச்சி.